நவம்பர் உறையில் ஒரு பெயர்

ராச்டேல், இங்கிலாந்து
18 நவம்பர் 1996

அன்பு அக்கா டீலியாவுக்கு,

தம்பி ஃபின்டன் எழுதுவது. மழை வருமுன் முட்டி இரண்டும் எனக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன, மற்றபடி குறையில்லை. உன் முதுகு எப்படி? அம்மாவின் கண்?

ஃபோன் இருக்க ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். அந்த ஃபோன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்பத்தாறு வயதில் அவளுக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, காது அல்ல.

பஸ் கம்பெனி என்னை வழியனுப்பி மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தொன்பது வருஷம் ஓட்டியவனுக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், இனிமேல் நேரம் பார்க்கத் தேவையில்லை என்று ஆன பிறகு! சும்மா உட்கார முடியவில்லை. நம் தாத்தாவைத் தேடப்போகிறேன். 1915 ஜூனில் புல்லறுக்க மேயோவிலிருந்து கிளம்பி ஓல்டம் பக்கம் வந்தார், ஒரு பெண்ணோடு தங்கிவிட்டார். இதற்குமேல் நமக்கு என்ன தெரியும்? ஓல்டம் என் வீட்டிலிருந்து ஆறு மைல். நாற்பது வருஷமாக அவர் கல்லறையைத் தாண்டியே பஸ் ஓட்டியிருக்கலாம்.

தன் அப்பா ஏன் வரவில்லை என்று தெரியாமலே அம்மா போய்விடக்கூடாது. அதுதான் என் கவலை. இப்போதைக்கு அவளிடம் சொல்லாதே.

உன் அன்புத் தம்பி,
ஃபின்டன்

டூர்மோர், மேயோ
5 டிசம்பர் 1996

தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அவளுக்குக் கொஞ்சம் சளி, எனக்கு அவளே போதும். நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடு, கடை மீனும் வறுவலுமாக வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

சொல்லாதே என்று எழுதிவிட்டாய். உறையைப் பிரித்த சத்தத்திலேயே, "ஃபின்டன் எதுக்கு எழுதிருக்கான்? எதையாவது ஒளிக்கிறியா?" என்று ஆரம்பித்துவிட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. அவள் பதிலை அப்படியே தருகிறேன்: "அந்த ஆளு செத்தாரா இருக்காரான்னு அஞ்சு வயசுலேர்ந்து எனக்குக் கவலையில்ல. உன் தம்பிக்குப் பொழுது போகலைன்னா ஒரு நாய் வளக்கச் சொல்லு."

போன மாதம் செத்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுக்கிற உறையை நான்தான் எழுதினேன், அவள் சொல்லச் சொல்ல. பாட்டி சாரா, நம் அப்பா, பிறந்த அன்றே போன பாப்பா. "வேற?" என்றேன். "அவ்ளோதான், ஒட்டு" என்றாள். நவம்பரில் ஃபாதர் பீடத்தில் நின்று ஊரின் செத்தவர்கள் பெயரையெல்லாம் வாசிக்கும்போது, இவளுடைய அப்பன் பெயர் மட்டும் இவள் வீட்டு உறையிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பெயரை எழுத வைக்கிற மாதிரி ஏதாவது உனக்குக் கிடைத்தால் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவேன். வேறு மாதிரி கிடைத்தால் உன்னோடே வைத்துக்கொள்.

எதிர்வீட்டு பார்ட்லி மாமாவிடமும் உளறிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே எங்கப்பா எந்த இடத்துல விழுந்தாருன்னு பாக்கச் சொல்லும்மா" என்கிறார். குழப்பிக்கொள்ளாதே, அவருடைய அப்பாவும் ஆஸ்டின் பேடன்தான். இரண்டு பேரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைக்கிற நம் வழக்கத்தில் ஒரே தாத்தா பெயர் இருவருக்கும் விழுந்தது. ஊரில் யார் பேடன் என்றார்கள்? டோனி பெற்ற நம்மவர் ஆஸ்டின் டோனி, பாட் பெற்ற அவர் ஆஸ்டின் பாட். அந்த ஜூனில் ஒரே கூட்டத்தோடு புல்லறுக்கப் போனவர்கள். ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்து செத்து, அரசாங்கம் அனுப்பிய வெண்கலத் தட்டில் பெயராகத் திரும்பினார். மாமா வீட்டு அடுப்புக்கு மேலே அது எப்படிப் பளபளக்கிறது என்று உனக்குத் தெரியும். மற்றவர் திரும்பவே இல்லை.

அக்கா டீலியா

ராச்டேல்
10 பிப்ரவரி 1997

அன்பு அக்காவுக்கு,

சளி விட்டதா? இங்கே பனி. நான் திடமாக இருக்கிறேன்.

லண்டனுக்கு ரயிலேறி ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு பென்சில் கொடுக்கிறார்கள், ஏதோ நான் கிறுக்கிவைக்கிற பையன் மாதிரி. 1940இல் குண்டு விழுந்து பட்டாளக் கிடங்கு எரிந்ததாம். முதல் யுத்தத்துச் சிப்பாய்களின் காகிதத்தில் பாதிக்கு மேல் சாம்பல். மிச்சத்தை, கருகி ஓரம் உதிர்ந்ததை எல்லாம், ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைக்கிறார்கள். யாரோ முகம் தெரியாத ஆட்களுக்காக இவ்வளவு பொறுமையா! எனக்கு அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பேடன்கள் எரிந்த பங்கில் போய்விட்டார்கள். ஆனால் சிப்பாய்களின் பதக்கக் கணக்கு அட்டைகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. மாமாவிடம் சொல்: ஆஸ்டின் பேடன், பிறந்தது மேயோ, படையில் சேர்ந்தது ஓல்டம், 1916 செப்டம்பரில் பிரான்சில் இறப்பு. உடல் கிடைக்கவில்லை. அங்கே பெரிய நினைவுத் தூணில் பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

நம் ஆளைப் பற்றி இன்னும் ஒன்றுமில்லை.

ஃபின்டன்

டூர்மோர்
2 மார்ச் 1997

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மாமா வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்தேன். தூணில் பெயர் இருக்கிறது என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "பாத்தியா, எங்கப்பாவுக்குக் கல்லு இருக்கு! இத்தன நாளா சேத்துலயே கிடக்காருன்னு நெனச்சிருந்தேன்" என்று அழுதார். எண்பத்து நாலு வயது மனுஷர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம் ஓடி வந்து சொன்னார். அவளும், "உனக்குக் கொடுத்துவச்சிருக்கு பார்ட்லி. இருந்தா உங்கப்பா மாதிரி இருக்கணும்" என்றாள். பிறகு எழுந்து கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.

உன் கட்டுச்சோற்றில் கொஞ்சம் காய்கறியும் இருக்கட்டும்.

டீலியா

ராச்டேல்
14 ஏப்ரல் 1997

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? எனக்கு உடம்பு சரி, மனசுதான் சரியில்லை.

அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஓல்டம் திருமணப் பதிவேட்டில் 1919: ஆஸ்டின் பேடன், கூலி வேலை, பிறந்தது அயர்லாந்து. ஊரில் பெண்டாட்டி உயிரோடு இருக்க, "கல்யாணமாகாதவர்" என்று வாய் கூசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தைகள் பதிவாகவில்லை. அந்த அம்மாள் முதலில் போய்ச் சேர்ந்தாள், இவர் 1934இல். பொதுக் குழி, கல் கிடையாது. போய்ப் பார்த்தேன். என் 24ஆம் நம்பர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நூறு அடி.

இன்னொன்று. அப்பா பெயர் என்ற இடத்தில் "பாட்ரிக்" என்று இருக்கிறது. டோனி என்று போட்டால் ஊரிலிருந்து யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பெற்ற தகப்பன் பெயரையே மாற்றியிருக்கிறார். எவ்வளவு முன்யோசனை!

இதை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

ஃபின்டன்

டூர்மோர்
20 ஜூன் 1997

தம்பிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. குளிருக்கு எரிக்க மண்கட்டி வெட்டுகிற வேலை. சதுப்பில் எங்கள் பங்கையும் பார்ட்லி மாமாதான் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "பெத்த அப்பன் பேரையே மாத்திட்டானா? அப்புறம் நான் எம்மாத்திரம்" என்றாள். மூன்று நாள் கஞ்சி மட்டும். நாலாம் நாள், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, "கல்லு கூட இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். இத்தோடு விட்டுவிடு ஃபின்டன். உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

டீலியா

டப்ளின்
26 ஆகஸ்டு 1997

அக்காவுக்கு,

அம்மா பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய் வாசி. நான் நலம்.

நீ விடச் சொன்னதால் நம் ஆளை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் மாமாவுக்கு எண்பத்தைந்து. பிறந்தநாளுக்கு அவர் அப்பாவின் உயிலை நகலெடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் டப்ளின் வந்தேன். 1922 தீயில் இங்கே நாட்டின் பழைய காகிதமெல்லாம் போனாலும், யுத்தத்துக்குப் போன அயர்லாந்துக்காரர்களின் உயில்கள் பிழைத்திருக்கின்றன. சிப்பாய்கள் சின்னப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. அவருக்கு எழுதத் தெரியாது போல. யாரோ எழுத, அடியில் பேனாவால் ஒரு சிலுவைக் குறி. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"எனக்கு மரணம் நேர்ந்தால் என் உடைமை எல்லாம் என் மனைவி திருமதி ஆஸ்டின் பேடனுக்கு, டூர்மோர், மேயோ. அவளுக்குப் பின் என் மகள் ஹானருக்கு."

மகள் ஹானர். பார்ட்லி மாமாவுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அவர் அம்மா பெற்றது மூன்றும் ஆண்கள். உடனே 1911 ஜனத்தொகைத் தாளை எடுக்கச் சொன்னேன். டூர்மோர் முழுக்க ஹானர் பேடன் ஒரே ஒருத்தி: நான்காம் எண் வீடு, ஆஸ்டின், சாரா, ஹானர் வயது ஒன்று. நம் அம்மா. ஊருக்கெல்லாம் அவள் நோனி, ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாததால் எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

அக்கா, பிரான்சில் செத்தவர் நம் தாத்தா. ஓல்டம் பதிவேட்டில் பாட்ரிக் மகன் என்று எழுதிக் கொடுத்தவன் பொய் சொல்லவில்லை. பாட் என்றால் பாட்ரிக்தானே, அவன் நிஜமாகவே பாட் மகன். பார்ட்லி மாமாவின் அப்பா.

எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். பட்டாளத்திலிருந்து வந்த தாளிலெல்லாம் "திருமதி ஆஸ்டின் பேடன், டூர்மோர்" என்றுதான் இருந்திருக்கும். பெண்டாட்டியின் சொந்தப் பெயரை யார் எழுதினார்கள்? தபால்காரர் முதலில் வருகிற வீட்டில் கொடுத்திருப்பார். அது மாமாவின் வீடு. மாமாவின் அம்மாவுக்கும் புருஷன் இங்கிலாந்தில், படிக்கவும் தெரியாது. நம்பாமல் என்ன செய்வாள்? அடுத்த வருஷம் வேற்றூர் ஆட்கள் ஓல்டத்தில் ஆஸ்டின் பேடனை ஒரு பெண்ணோடு பார்த்ததாக வந்து சொன்னபோது, ஒரு ஆஸ்டின் செத்தாயிற்று, ஆகையால் இது சாராவின் புருஷன் என்று ஊர் தீர்த்துவிட்டது.

பாட்டி சாராவை நினைத்துப் பார். விதவைக்குள்ள மரியாதைகூட இல்லாமல், ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாளே!

உடனே எழுது.

ஃபின்டன்

டூர்மோர்
15 செப்டம்பர் 1997

தம்பிக்கு,

நலம். மழை விட்டுவிட்டு வருகிறது. வைக்கோல் காயவில்லை. பார்ட்லி மாமா நம் கேட்டுக்குப் புதுக் கீல் போட்டுக் கொடுத்தார். அவர் பிறந்தநாளுக்குத் திராட்சை போட்ட ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், அம்மாவும் வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். கறுப்புக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன்.

டீலியா

ராச்டேல்
24 செப்டம்பர் 1997

அக்காவுக்கு,

நான் நலம், கோழியும் நலமடையட்டும்!

நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டுக் கீலைப் பற்றி இருக்கிறது. அம்மா எண்பது வருஷம் தப்பான ஆள் மேல் கோபப்பட்டிருக்கிறாள். அந்த வெண்கலத் தட்டு நம் வீட்டில் தொங்க வேண்டியது. அதன் கீழே உட்கார்ந்து அவள் ரொட்டி தின்கிறாள், நீ வேடிக்கை பார்க்கிறாய். மாமா நல்லவர்தான், யார் இல்லை என்றது? அதற்காக அம்மாவுக்குப் பாத்தியப்பட்ட அப்பாவை அவரே வைத்துக்கொள்ளலாமா?

நவம்பர் முதல் தேதி வருகிறேன். உயிலை மாமாவின் மேஜை மேல் வைத்து நானே சொல்கிறேன்.

ஃபின்டன்

டூர்மோர்
12 அக்டோபர் 1997

தம்பிக்கு,

கோபம் ஆறட்டும், பிறகு வாசி. உன் டப்ளின் கடிதத்தை ஆறு வாரம் மாவுப் பீப்பாயில் ஒளித்து வைத்திருந்தேன். எனக்குப் பயம். அம்மாவுக்கு ஒரு அப்பாவைக் கொடுத்தால் எதிர்வீட்டிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டும். தினம் காலையில் என் கதவைத் தட்டி "நோனியக்கா எப்படி இருக்கா?" என்று கேட்கிற மனுஷரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது?

உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு டப்ளின் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உயில் வந்த இடத்தில், "இன்னொரு தரம்" என்றாள். வாசித்தேன். "என் பேரு இருக்கா அதுல?"

"இருக்கும்மா. ஹானர்னு."

"எங்க? காட்டு." அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். விரலை வெகுநேரம் அங்கிருந்து எடுக்கவில்லை. "சாகுறதுக்கு முன்னாடி என்ன நெனச்சிருக்காரு" என்றாள். பிறகு அழுதாள் ஃபின்டன். அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

அந்த நேரம் பார்த்து பார்ட்லி மாமா மண்கட்டிக் கூடையோடு உள்ளே வருகிறார். "என்னாச்சு நோனியக்கா? யாரு போயிட்டா?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நான் கடிதத்தை மடியில் மறைத்துக்கொண்டேன். "யாரும் போகலடா. உக்காரு, டீ குடி" என்றாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "பார்ட்லி, உங்கப்பா பேரை வருஷா வருஷம் உறையில எழுதுறியா?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? எங்கம்மா எழுத வச்சா, அவ போனப்புறம் நான் எழுதுறேன். ஒரு வருஷம் விட்டதில்ல."

"நல்லாரு" என்றாள்.

அவர் போனதும் என்னிடம் சொன்னது: "ஃபின்டனை நவம்பர் கழிச்சு வரச் சொல்லு. அவன் வாய் பஸ் ஹாரன். மீதியை நானே எழுதுறேன்."

டீலியா

டூர்மோர்
16 நவம்பர் 1997

என் மகன் ஃபின்டனுக்கு,

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்க. எனக்குக் கண்ணைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறது, டீலியாவின் தடிப் பேனா.

முதலில் ஒன்று. நாய் வளர்க்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கரியும் சாம்பலும் கிளறி என் அப்பாவை எடுத்துக் கொடுத்தாய். உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை. இதை நான் ஏற்கனவே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கம்மா சாரா அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியதெல்லாம் நான்தான். அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் திட்டியதை எப்படித் திருப்பி எடுப்பது என்று இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் புரிந்தது. எதிர்வீட்டு உறையிலிருந்து வருஷம் தவறாமல் ஆஸ்டின் பேடன் என்று வாசித்தார்களே, அது யார்? எங்கப்பாதானே! விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் முழங்காலில் நின்று அவருக்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாமலே சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கிறது.

பார்ட்லியிடம் சொல்ல வேண்டாம். என்னோடு கோபித்துக்கொள், ஆனால் சொல்லாதே. அப்பா இல்லாமல் இருப்பது எப்படி என்று எண்பது வருஷம் பழகியவள் நான். இந்த வயதில் அவன் அதைப் புதிதாகப் பழக வேண்டாம். தட்டும் அங்கேயே இருக்கட்டும். நான்தான் தினம் டீ குடிக்கப் போகிறேனே, அப்போது பார்த்துக்கொள்கிறேன். என்னை விட நன்றாகத் துடைத்து வைக்கிறான்.

ஆனால் ஓல்டத்தில் கல்லில்லாமல் கிடக்கிறவனுக்கு இத்தனை வருஷம் ஒருத்தரும் இல்லை. பார்ட்லியின் அப்பா எனக்கும் சித்தப்பா முறைதானே. அதனால் இந்த வருஷம் அவனுக்காக உறையில் நானே என் கையால் ஆஸ்டின் பேடன் என்று எழுதினேன். கோயில் வாசலில் பார்ட்லி அதைப் பார்த்துவிட்டான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நோனியக்கா, கடைசியில மன்னிச்சுட்டியா!" என்றான். "மன்னிச்சுட்டேன்டா" என்றேன்.

ஃபாதர் அந்தப் பெயரை இந்த வருஷம் இரண்டு தடவை வாசித்தார். எங்கள் உறைக்கு வாசித்தபோது பார்ட்லி மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னான்.

அம்மா